வலி தெரியாத பாதம்: வேலூரிலிருந்து கார்வில் வரை

பெருங்கடவிளையில் என் பெரியப்பா ரப்பர் பால்வெட்டுக்குச் செல்பவர். ஒருநாள் அவர் உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்ததைப் பெரியம்மாதான் கண்டார். அவருக்கு அது தெரியவேயில்லை. இருபதாண்டுச் சர்க்கரை நோய். இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. “சர்க்கரைப் புண் ஆறாது” என்றனர் ஊரார். இக்கூற்றின் வேரைத் தேடிச் சென்ற நான், நீரிழிவு வரலாற்றைவிடத் தொழுநோய் வரலாற்றில்தான் அதிகம் கண்டேன்.

1914இல் கொல்லிமலையில் பணியாற்றிய மறைப்பணியாளர் இணையருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளரின் சதையே கெட்டது, ஆகவே விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பது அன்று மருத்துவரிடையேயும் நிலவிய எண்ணம். பிராண்ட் ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், கல், முள், ஆணி எனக் காரணங்கள் கிடைத்தன. சிலர் இரவில் உறங்கும்போது விரல்களை எலிகள் கடித்திருந்தன, நோயாளிகள் விழிக்கவில்லை. அதன்பின் அவர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன! நோய் பறித்தது உணர்வை. சதை பிறருடையதைப் போலவே ஆறும் தன்மையுடையது.

பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டபோது அது ஆறியது. கட்டைப் பிரித்து வெறுங்காலுடன் நடந்தபோது மீண்டும் திறந்தது. எனவே காலணியே மருந்தாயிற்று. நுண்துளை ரப்பரில் மெத்தென்ற அடித்தளம் செய்தனர். (ரப்பர் மரங்களுக்கிடையே வெறுங்காலுடன் நடந்த என் பெரியப்பாவை இங்கே நினைக்காமலிருக்க இயலவில்லை.)

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவாளரின் மரத்த பாதங்களிலும் அதே கதையைக் கண்டார். மாவுக்கட்டும் தனிக் காலணியும் அவர்களுக்கும் பயன்பட்டன. நடந்து வந்த பாதத்தைக் கையால் தடவி, வெப்பம் மிகுந்த இடத்தில் புண் வரவிருப்பதை அறிவது அவர் வழக்கம். இன்று பாதத்தில் தொட்டுச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையின் அளவுகோலும் 1986இல் கார்வில் ஆய்வாளர்கள் வெளியிட்டதே.

நீரிழிவில் இரத்த ஓட்டமும் குன்றுவதுண்டு. அத்தகைய பாதத்திற்கு அழுத்தம் குறைப்பது மட்டும் போதாது. ஆயினும் “ஆறாது” என்று கைவிடப்பட்ட புண்களில் பல, ஓய்வு கிடைக்காத புண்களே.

இப்போது பெரியம்மா இரவுதோறும் விளக்கருகே அமர்ந்து பெரியப்பாவின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கிறார். செருப்பணியும் முன் அதைக் கவிழ்த்துத் தட்டுகிறார் பெரியப்பா. சென்ற வாரம் அதிலிருந்து ஒரு ரப்பர் விதை விழுந்தது.