ஆறாம் பாரமும் பிளஸ் டூவும்

“ஏத்தா, எந்தப் பாரம் படிக்கிற?”

கம்பத்துத் தாத்தா என் அத்தை மகளிடம் கேட்டார். பிளஸ் டூ என்றாள். “அது ஆறாம் பாரத்துக்கு மேலயா, கீழயா?” “ஒரு வருசம் மேல, தாத்தா.” அவர் நம்பவில்லை. ஆறாம் பாரத்துக்கு மேலே பள்ளிக்கூடம் ஏது, காலேஜுதானே என்பது அவர் கணக்கு. அவர் காலத்துக்கு அது சரியான கணக்குதான்.

அன்றைய சென்னை மாகாணத்தில் ஐந்தாம் வகுப்போடு ஆரம்பக் கல்வி முடியும். அதன் பிறகு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இன்றைய ஆறாம் வகுப்பு முதல் பாரம். பதினோராம் வகுப்பு ஆறாம் பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. ‘ஃபார்ம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாய்மானம் இல்லாத நீள பெஞ்சு என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒரு வகுப்பு, அதனால்தான் இந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். நம் வாயில் அது பாரமானது. சுமை என்ற பொருளில் வரும் பாரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாலுகா ஆபீசில் ‘பாரம் எழுதிக் கொடு’ என்கிறார்களே, அந்தப் பாரத்துக்குத்தான் இது ஒன்றுவிட்ட தம்பி. மலேசியத் தமிழர்கள் அந்த உறவைப் பிடித்துக்கொண்டு ‘ஆறாம் படிவம்’ என்று மொழிபெயர்த்து, இன்றும் வழங்குகிறார்கள். இலங்கையில் அதே கட்டத்துக்கு ‘உயர்தரம்’.

இங்கிலாந்தின் ஆறாம் பாரம் பதினாறு வயதில் தொடங்குகிறது. நம்முடையதோ ஏறக்குறைய அந்த வயதில் முடிந்துவிட்டது. பெயர் ஒன்றுதான், ஆனால் இங்கே படிப்பு முடிகிற இடத்தில் அங்கே தொடங்குகிறது.

மிச்சப் படிப்பு கல்லூரியில் இருந்தது. முதலில் இரண்டு வருட இன்டர்மீடியட்; 1950களின் நடுவில் அது ஒரு வருடப் பி.யூ.சி. ஆனது. தமிழில் புகுமுக வகுப்பு. அழகான பெயர், ஆனால் பேச்சில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் தொடங்கியது. அதற்கு முன் கம்பம் பள்ளத்தாக்குப் பையன் மேலே படிக்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது.

1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக்குழு 10+2+3 என்று ஒரு கணக்கை எழுதி வைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் அது பள்ளிக்குள் வந்தது. முதல் பொதுத்தேர்வு 1980இல். பி.யூ.சி. போனது. குழு எழுதிய ‘+2’ என்பது இரண்டு வருடங்கள் சேர்ந்த முழுக் கட்டத்தின் பெயர். நம் ஆட்கள் அதை இரண்டாவது வருடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் முதல் வருடத்துக்குப் பெயர் வேண்டுமே? ‘பிளஸ் ஒன்’ பிறந்தது. கணக்கு வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் மொழிக்கு அவர் அனுமதி தேவைப்படவில்லை. விசித்திரம் என்னவென்றால், அதே வரியில் இருந்த +3 என்ன பாவம் செய்ததோ, பட்டப்படிப்பை ‘பிளஸ் த்ரீ’ என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

அரசாங்கம் தன் பங்குக்கு ‘மேல்நிலை’ என்றது. ஹைஸ்கூல் ஏற்கெனவே உயர்நிலைப் பள்ளி. ஆங்கிலத்தில் அதற்கும் மேலான படிக்குச் சொல்லின் வாலை நீட்டினால் போதும், ‘ஹை’ ‘ஹையர்’ ஆகிவிடும். தமிழில் அப்படி நீட்ட வால் இல்லை. ஆகவே ‘உயர்’ பத்தாம் வகுப்புக்கும் ‘மேல்’ பன்னிரண்டுக்கும் என்று பங்கு பிரித்தார்கள். தனியாகப் பார்த்தால் எது எதற்கு மேல் என்று இந்த இரண்டு சொற்களும் சொல்லாது. போடி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியைத் தரம் உயர்த்தியபோது, பலகையில் அந்த ஒரு சொல்லை மட்டும் வெள்ளையடித்து மாற்றி எழுதினார் பெயின்டர். வெயில் சாய்வாக விழும்போது ‘மேல்’ என்பதன் அடியில் பழைய ‘உயர்’ மங்கலாகத் தெரியும்.

பலகையில் எழுதாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். ஆண்கள் பள்ளி என்றால் ‘அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி’ என்று இருக்கும். பெண்கள் பள்ளியும் அப்படியே. இருபாலரும் படிக்கிற பள்ளிக்கு வெறும் ‘அரசு மேல்நிலைப் பள்ளி’. ‘இருபாலர்’ என்ற சொல் விண்ணப்பங்களிலும் பதிவேடுகளிலும் மட்டும் வாழ்கிறது. வாசலில் அதற்கு இடம் இல்லை. பேச்சில் ‘கோ-எட்’, இல்லையென்றால் ‘பையங்களும் பிள்ளைகளும் ஒண்ணாப் படிக்கிறது’.

பெயரில் மிகப் பழையது கடைசிச் சொல். பள்ளி என்றால் படுக்கை, படுக்கும் இடம். பிறகு சமணத் துறவிகள் தங்கிய இடம். மதுரை அருகே மாங்குளத்தில், நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ் பிராமிக் கல்வெட்டிலேயே அந்தச் சொல் இருக்கிறது. துறவிகள் அங்கே பாடமும் சொன்னார்கள், படுக்கையின் பெயர் படிப்புக்கு வந்தது என்பது வழக்கமான விளக்கம். உத்தமபாளையத்துக் கருப்பணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அச்சணந்தி என்ற முனிவர் பெயரும் வட்டெழுத்தில் இருக்கிறது.

அதே ஊரின் முஸ்லிம் தெருக்களில் ‘பள்ளிக்குப் போயிட்டு வர்றேன்’ என்றால் தொழுகைக்குப் போவது. படிக்கப் போகிற பிள்ளை ‘பள்ளிக்கூடம்’ என்று கூடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டில் விளங்கும்.