அரியலூர்–பெரம்பலூர் தொல்லுயிர் எச்சங்கள்: படமாக்கிய முறைகளின் வரலாறு

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிரெட்டேசியக் காலப் பாறைகளில் புதைந்த உயிர்களை முதலில் உலகுக்குக் காட்டியவை ஓவியர்களின் கைகளே. கேய், கன்லிஃப் இருவரும் தென்னிந்தியாவில் திரட்டிய எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அம்மோனைட், நத்தை, சிப்பி இனங்களைக் கல்லச்சுப் படங்களோடு வெளியிட்டார். ஓட்டின் வரிகள் அவற்றில் துல்லியமாகத் தெரியும், உள்ளமைப்பு தெரியாது.

உள்ளே பார்க்கக் கல்லை அறுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்தால் சுண்ணாம்புக்கல்லும் ஒளியை விடும். இப்படிச் செய்த சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே, நின்னியூர்ப் படிவுகளின் சுண்ணப்பாசிகளை எல். ராமராவும் யூலியஸ் பியாவும் 1936இல் விவரித்தனர். சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரம் போன்றவற்றில் மரத்தின் செல்வரிசையைப் படிக்கவும் இதுவே வழி. மாதிரியில் ஒரு பகுதி அழியும் என்பதுதான் இதன் விலை.

படம் போதாமல் போனதால் நேர்ந்த இழப்புக்கு அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு சாட்சி. அங்கே கிடைத்த பேருருவ டைனோசர் எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் பிற்பகுதியில் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். எலும்புகள் மழையில் சிதைந்துபோயின. கட்டுரையில் வந்த கோட்டுப்படங்களை வைத்து, அவை வெறும் கல்மரங்களாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். அகழ்வின்போது எடுத்து அச்சேறாமல் கிடந்த ஒளிப்படங்கள் 2022இல் வெளியான பிறகே, அவை எலும்புகள்தாம் என்ற கருத்து வலுப்பெற்றது. இப்பகுதி ஆய்வு வரலாற்றில் இவற்றைவிட மதிப்புள்ள ஒளிப்படங்கள் இல்லை எனலாம்.

அதே கல்லமேட்டிலிருந்து 2013இல் ட்ரூடான்டிட் டைனோசரின் பல் ஒன்று விவரிக்கப்பட்டது. இத்தகைய சிறு பற்களின் ரம்ப விளிம்புக்கு வருடு எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஏற்றது. ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி நானோமீட்டர் அளவு வரை இறங்கும். ஆனாலும் மேற்பரப்பை மட்டுமே காட்டும்.

உடைக்காமல் உள்ளே பார்ப்பது சி.டி. ஸ்கேன். எக்ஸ் கதிர் ஊடுருவும் அளவில் எச்சத்துக்கும் சுற்றியுள்ள கல்லுக்கும் வேறுபாடு இருந்தால்தான் படம் பிரியும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஓடும் கல்லும் பெரும்பாலும் ஒரே கால்சைட் என்பதால், அங்கே பல நேரம் பழைய சீவலே கூடுதலாகச் சொல்கிறது.