உல்கு விட்ட சரக்கு

காற்றையும் வெயிலையும் பொருளியல் பாடநூல்கள் இலவசப் பண்டங்கள் என்கின்றன. எடுத்தாலும் குறையாதவை, விலை சொல்ல ஆளில்லாதவை. வாணிகத்தில் இலவசம் இப்படி வருவதில்லை. ஒரு மூட்டை வரியின்றித் துறைமுகம் கடந்தால், அந்த வரியை விட்டவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

சரக்குக்கு விதித்த வரிக்குத் தமிழில் பழைய பெயர் உல்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு கொள்வோர் மூட்டைகளில் புலி முத்திரை பதித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அரசனுக்குரிய பொருள்களில் ஒன்றாக வள்ளுவரும் உல்கைச் சேர்த்தார். வடமொழிச் சுல்கம் பாலியில் சுங்க என்றானது; நம் சுங்கம் அந்த வழியில் வந்தது. உல்கையும் அதே சுல்கத்தோடு இணைப்பவர்கள் உண்டு.

வரி இருந்த இடத்தில் விலக்கும் இருந்தது. திருமணம், மகப்பேறு, வேள்வி, தெய்வ வழிபாடு ஆகியவற்றுக்கான பொருள்கள் சுல்கமின்றிப் போகலாம் என்றது அர்த்தசாத்திரம். பொய் சொல்லி அந்தச் சலுகையைப் பெற்றவனுக்குத் திருடனுக்குரிய தண்டனை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சான்று கொச்சி யூதர்களின் செப்பேடு. கி.பி. 1000 வாக்கில் முயிரிக்கோட்டிலிருந்து சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் வழங்கியது, வட்டெழுத்தில் அமைந்தது. யூத வணிகர் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் அளித்துவிட்டு, உல்கையும் துலாக்கூலியையும் 'விட்டோம்' என்கிறான் அரசன். துலாக்கூலி, சரக்கை நிறுப்பதற்கான கட்டணம். உல்கை மட்டும் விட்டுத் துலாக்கூலியை வைத்திருந்தால், தராசடியில் வணிகன் மறுபடி பையை அவிழ்க்க வேண்டியிருந்திருக்கும். இரண்டையும் பெயர் சொல்லி எழுதியவருக்குச் சந்தை தெரிந்திருக்கிறது.

'விடு' என்ற அந்த வினையைக் கவனிக்க வேண்டும். 1070-இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த' என்ற பட்டமும் இப்படி ஒரு வினையால் அமைந்ததே. விடுதல், தவிர்த்தல் எதுவானாலும் செய்பவர் கண்முன் நிற்கிறார். இலங்கைத் தமிழர் இன்று சொல்லும் 'தீர்வையற்ற கடை'யில் அவர் மறைந்துவிடுகிறார். தீர்வை தானே அற்றுப்போனது போல ஒலிக்கிறது.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் விடுபவர் மறுபடி தெரிகிறார். கட்டணம் வேண்டாத வாகனங்களை அரசு பட்டியலிட்டுப் பலகையில் எழுதி வைத்திருக்கிறது. ஆம்புலன்சும் அமரர் ஊர்தியும் அதில் உண்டு.