கதர்க் கடை வாசனை

சிறு வயதில், காந்தி ஜயந்தித் தள்ளுபடி சமயத்தில், என் தகப்பனார் என்னைக் கதர்க் கடைக்கு அழைத்துப் போவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அப்படிச் செய்யும்படி எந்தப் பலகையும் சொல்லவில்லை. மர அலமாரி, சுவரில் காந்தி படம், சந்தன சோப்பும் தேனும் கலந்த ஒரு வாசனை, அவசரப்படாத விற்பனையாளர் - கடை இவ்வளவுதான். மற்ற இடங்களில் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடும் மனிதர், இங்கே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

முரட்டுத் துணிக்கு இந்த மரியாதை எப்படி வந்தது? அந்தக் கதையில் திருப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-ல் காந்தியடிகள் அகில பாரத சர்க்கா சங்கத்தை ஆரம்பித்தார். அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்துதான் வேலை செய்தது. கிராமத்துப் பெண்கள் நூற்ற நூல் தறியில் துணியாகி, இந்த ஊர் வழியாகக் கடைகளுக்குப் போயிற்று. மில் துணியோ மெல்லியது, மலிவும்கூட. கையால் தொட்டு, காசை எண்ணி வாங்குவதானால் கதர் என்றோ தோற்றிருக்கும். ஆனால் 1932 ஜனவரியில் இதே ஊர்த் தெருவில் கொடியேந்திச் சென்ற குமரன் அடிபட்டு உயிர் நீத்தார். அதன் பிறகு கதர்க் கடைக்குள் நுழைந்தவன் வெறும் துணியையா பார்த்திருப்பான்?

1935-ல் ஒரு சோதனை வந்தது. நூற்பவர்களுக்கு வயிறு நிரம்பும்படியான கூலி கொடுத்தே ஆக வேண்டுமென்றார் காந்தி. விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று ஊழியர்களே அஞ்சினார்கள். அவர் பிடிவாதம் தளரவில்லை. மலிவு என்று சொல்லி விற்க முடியாத சரக்கை நியாயம் என்று சொல்லி விற்கும் பொறுப்பு கடைகளின் தலையில் விழுந்தது. பேரம் இல்லாத அந்த அமைதிக்கு அர்த்தம் அதுதான். நாம் குறைத்துக் கேட்டால், எங்கோ ஒரு கிழவியின் கூலி குறையும்.

அதே 1925 வாக்கில்தான் திருப்பூரில் பனியன் தொழிலும் பிறந்தது. இன்று ஊரை ஆள்வது அதுதான். காதர்பேட்டையில் கடை வாசலில் குவித்துப் போட்டிருப்பார்கள். நாமும் கிளறுவோம், இழுத்துப் பார்ப்போம், பாதி விலைக்குக் கேட்போம். சென்ற வருஷம் நான் அங்கே ஒரு பனியன் சட்டை வாங்கினேன். ஒரு மாதம் கழித்து, குளிரூட்டிய கடையொன்றில், மஞ்சள் விளக்கின் கீழ் அச்சாக அதே மாதிரி ஒன்றைக் கண்டேன். விலை நாலு மடங்கு. தடவிப் பார்த்தேன், அதிக மிருதுவாகவே பட்டது! வீட்டுக்கு வந்து என் சட்டையைத் தடவினேன். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

கதர்க் கடையும் ஒரு வகையில் என் தகப்பனாரை மயக்கியதுதான். ஆனால் அந்த மயக்கம், துணிக்குப் பின்னால் நூற்றவள் ஒருத்தி இருப்பதை நினைவூட்டிற்று. காதர்பேட்டைக் குவியலும் சரி, கண்ணாடிக் கடை விளக்கும் சரி, தைத்தவளை மறக்கச் செய்கின்றன.

இப்போதும் நான் காதர்பேட்டையில் பேரம் பேசத்தான் பேசுகிறேன். ஆனால், பாதி விலை சொல்லப் போகும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.