செய்தி வாசிப்பவரின் சிரிப்பு

பிற மாநிலங்களில் வாழும் நமக்குச் செய்தி வாசிப்பவர் ஏறக்குறைய ஓர் உறவினர் ஆவார். காலையில் தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியைக் கேட்ட பின்னரே அலுவலகத்துக்குப் புறப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அந்தக் குரலுக்குரியவர் வீட்டில் எப்படிப் பேசுவார், எதைக் கண்டு சிரிப்பார் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. செய்தி வாசிப்பவர் சிரிக்கலாமா, மேடையேறிப் பிறரைச் சிரிக்க வைக்கலாமா என்பது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும், ஓர் ஒலிபரப்பு நிலையத்தை மக்கள் எதனால் நம்புகிறார்கள் என்னும் பெரிய கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. இக்கேள்வியின் வரலாற்றைப் படிப்படியாகக் காட்டும் நாடு இங்கிலாந்து.

பி.பி.சி. வானொலியின் தொடக்க நாட்களில் செய்தி வாசித்தவர்களுக்குப் பெயரே கிடையாது. கேட்பவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மாலை விருந்துக்குரிய கறுப்பு உடை அணிந்தே ஒலிவாங்கியின் முன் அமர வேண்டும் என்பது அக்காலச் சம்பிரதாயம். செய்தி நிலையத்தின் குரலே ஒழியத் தனி மனிதரின் குரல் அன்று என்பது அதன் உட்பொருள். 1940-ஆம் ஆண்டில் இந்த வழக்கம் மாறிற்று. எதிரி நாட்டார் பி.பி.சி.யைப் போலவே பேசி மக்களை ஏமாற்றக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. எனவே, செய்தி வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினர். நம்பிக்கையைக் காப்பதற்காக மறைக்கப்பட்ட பெயர், அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகவே வெளியிடப்பட்டது.

தொலைக்காட்சி வந்தபோது அதே தயக்கம் மீண்டும் தலைதூக்கியது. 1954 ஜூலை 5-ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் அன்றாடச் செய்தி தொடங்கிற்று. ரிச்சர்ட் பேக்கரின் குரல் கேட்டது, படங்கள் தெரிந்தன, அவர் முகம் மட்டும் தெரியவில்லை. புருவம் சற்று உயர்ந்தாலும், உதடு சற்றுச் சுழித்தாலும் அது செய்தியைப் பற்றிய அபிப்பிராயம் ஆகிவிடும் என்று மேலிடத்தார் கருதினர். ஓராண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 1955 செப்டம்பர் 22-ஆம் நாள் போட்டியாகத் தனியார் தொலைக்காட்சி தொடங்கவிருந்தது. அதற்குச் சில நாட்களே இருந்தபோது, அதே மாதம் 4-ஆம் நாள், கென்னத் கெண்டல் என்பவரின் முகம் முதன்முதலாகத் திரையில் தோன்றிற்று.

முகம் தெரிந்த பிறகு, அந்த முகத்துக்கு உரிய மனிதரையும் நெடுநாள் மறைத்து வைக்க இயலுமா? 1972-ஆம் ஆண்டில், முகம் காட்டாமல் செய்தி வாசித்த அதே ரிச்சர்ட் பேக்கர் ‘மாண்ட்டி பைத்தான்’ என்னும் கோணங்கி நிகழ்ச்சியில் செய்தி வாசிப்பவராகவே தோன்றினார். 1975 முதல் ஆஞ்செலா ரிப்பன் இரவு 9 மணிச் செய்தியை வாசித்துவந்தார். மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து அமர்ந்து, ஏற்ற இறக்கமின்றிச் செய்தி சொல்பவர் என்றே மக்கள் அவரை அறிந்திருந்தனர். 1976-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், மோர்க்கம்பு, வைஸ் என்னும் இரு விகடர்களின் நிகழ்ச்சியில் அவர் அதே தோரணையில் மேசைக்குப் பின்னால் காட்சி தந்தார். திடீரென்று மேசை விலகிற்று. அவர் எழுந்து வந்து நடனமாடினார். இளமையில் அவர் பாலே நடனம் பயின்றவர் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுஆண்டு கிறிஸ்துமஸில் பேக்கர் உள்ளிட்ட செய்தி வாசிப்பவர்களும் அறிவிப்பாளர்களும் மாலுமி உடையில் பாடி ஆடினர். குட்டிக்கரணம் போட்டவர்கள் வேறு ஆட்கள். படத்தை வெட்டி ஒட்டியதில் இவர்களே போட்டதுபோல் தோன்றிற்று. 2 கோடிக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டு களித்தனர்.

இதனால் செய்தியின் மதிப்புக் கெட்டதா? கெடவில்லை. ரிப்பன் 1981 வரையிலும் பேக்கர் 1982 வரையிலும் செய்தி வாசித்தனர்; மக்களும் கேட்டனர். காரணத்தை நாம் எளிதில் உணரலாம். கண்டிப்புக்குப் பேர்போன தலைமையாசிரியர் பள்ளி ஆண்டு விழாவில் வேடம் கட்டி வந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவருடைய கண்டிப்பு உண்மையானது என்பதால்தான் அந்தச் சிரிப்பு வருகிறது. மறுநாள் வகுப்பில் அவர் மதிப்புக் குறைவதில்லை. கணக்கைத் தவறாகப் போட்டால்தான் குறையும்.

ஆனால், இந்தக் கைம்முதலை அளவோடுதான் செலவிட வேண்டும். 1976-இல் வியப்பாக இருந்தது பின்னர் வாடிக்கையாயிற்று. 2004-இல் பி.பி.சி. காலைச் செய்தியை வழங்கிவந்த நடாஷா கப்லின்ஸ்கி ஒரு நடனப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அதே போட்டியில் 2023-இல் ரிப்பனும் கலந்துகொண்டு ஆடினார். எல்லாரும் ஆடத் தொடங்கிய பின், ஆடாதவரைக் காண்பதே அருமையாகிவிடுகிறது.

நம் நாட்டிலும் இந்த இரு துறைகளையும் இணைத்தவர்கள் உண்டு. 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் விடியற்காலையில், நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தில்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். பிற்காலத்தில் சென்னையில் மேடை நடிகராகவும் திரைப்பட நடிகராகவும் அவர் புகழ் பெற்றார். அவர் நடிப்பைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். சென்னைத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த டி.வி.வரதராஜன் நாடக மேடையிலும் பெயர் பெற்றவர். இவர்கள் நடித்ததனால், வாசித்த செய்தியை எவரும் ஐயுறவில்லை. மேடையின் எல்லையும் செய்தி மேசையின் எல்லையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

இன்று அந்த எல்லை வேறொரு பக்கத்திலிருந்து அழிகிறது. செய்தி வாசிப்பவர் கேளிக்கை மேடைக்குப் போவது பழைய கதை. கேளிக்கை மேடையின் முரசும் கூச்சலும் ஒப்பனையும் செய்தி மேசைக்கு வந்திருப்பது புதிய கதை. ரிப்பன் ஆடியபோது மேசை விலகிற்று. ஆட்டம் முடிந்ததும் அது மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. ஊரில் புயல் என்று கேள்வியுற்று, தொலைவிலிருந்து பதைக்கும் நமக்கு வேண்டியது அந்த மேசைதான். செய்தி வாசிப்பவர் தம் ஓய்வு நேரத்தில் தாராளமாகச் சிரிக்கட்டும். நாமும் உடன் சிரிப்போம். செய்தி நேரம் வந்ததும் நம்மிடம் உண்மையை உரைக்கட்டும்.