சரித்திர நாவலும் தொண்ணூற்றைந்து சட்டர்களும்

சரித்திர நாவல் எனக்குப் பிடித்த வடிவம். தமிழில் அதைப் பிரபலமாக்கியவர்களைத்தான் என்னால் படிக்க முடியவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இதழிலிருந்து கிழித்து ஆச்சி பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வ'னை (1950–54), மணியம் படங்களோடு, பதினாலு வயதில் ராத்திரி முழுக்கப் படித்தவன் நான். முப்பது தாண்டித் திரும்ப எடுத்தபோது இரண்டாம் பாகத்தில் நின்றுவிட்டது.

தொடர்கதையோடு பிறந்த வடிவமல்ல இது. தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895லேயே வந்துவிட்டது. அதற்கும் நாலு வருஷம் முன்பு மலையாளத்தில் சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா'. அதில் வரும் பத்மநாபபுரம் நமக்குப் பஸ் தூரம். வாரந்தோறும் காத்திருக்கும் வாசகனைப் பெருந்திரளாக உண்டாக்கியவர் கல்கிதான். சாதாரண ஆளை முன்னால் விட்டு ராஜாக்களைப் பின்னால் நிறுத்தும் ஸ்காட்டின் உத்தி அவருக்குத் தெரியும். ஆனால் ஸ்காட்டின் வேவர்லி இரண்டு உலகங்களுக்கிடையில் அகப்பட்டுத் தடுமாறுகிறான். வந்தியத்தேவன் ஒரு ஆபத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறான், அவ்வளவே. சாண்டில்யனின் 'கடல் புறா'வில் கப்பல் உண்டு, வர்ணனை உண்டு, காலம் இல்லை.

என் சங்கடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்நாவல்கள் தஞ்சையிலிருந்து பார்க்கின்றன. நாம் படை வந்து இறங்கிய ஊர்க்காரர்கள். கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆயிற்று; சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. பெயர் மாறிய மறுநாள் கோட்டாற்றுக்காரன் தன் ஊரை என்னவென்று சொன்னான்? தொடர்கதைக்கு இந்தக் கேள்வி கிடையாது.

வங்கியில் கணக்கோடு பிழைப்பவன் என்பதாலோ என்னவோ, எனக்குச் செப்பேடு பிடிக்கும். 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும், காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் அமைத்தான். சட்டர் என்றால் அங்கே தங்கிப் படித்தவர்கள். இலக்கணம் தெரிய வேண்டும், புரோகிதம் தெரிய வேண்டும், மூன்று ராஜ்யங்களின் விவகாரமும் தெரிய வேண்டும். சண்டை போட்டால் அபராதம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது.

வருகிறவன் இருந்தால்தானே வரக்கூடாது என்று எழுதுவார்கள்? இந்த ஒரு விதியில் எனக்குக் கிடைக்கும் மனிதர்கள் அந்த ஐந்து பாகங்களில் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ நூற்றிருபது வருஷம் கழித்து, காந்தளூர்ச் சாலையில் 'கலம்' அறுத்ததை ராஜராஜன் தன் கல்வெட்டுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். கலம் என்றால் கப்பலா, உண்கலமா என்று அறிஞர்கள் வழக்காடியாயிற்று. நம்மூர்க் கவிமணியும் அதைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். கப்பலென்றால் ஒரு கதை. உண்கலமென்றால், அன்று சாப்பாடு நின்று மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிய பையன் ஒருவன் இருந்திருப்பான். மூன்று ராஜ்ய விவகாரமும் படித்தவன். அவன் எந்த ராஜ்யத்துக்குப் போனான்?

அந்த நாவலுக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.