கோப்பு பார்த்தவருக்கு ஒரு சிலுவை, ஒரு நட்சத்திரம்

அரசு ஊழியரின் நெஞ்சில் பதக்கம் குத்துவதில் இரண்டு பேரரசுகள் இரண்டு தினுசாக நடந்துகொண்டன. ருஷ்யாவில் இரண்டாம் கேத்தரின், தன் முடிசூட்டலின் இருபதாம் ஆண்டான 1782-இல் புனித விளாடிமிர் விருதை ஏற்படுத்தினார். பிரிட்டனில் ஏழாம் எட்வர்டு 1902-இல் ‘இம்பீரியல் சர்வீஸ் ஆர்டர்’ கொண்டுவந்தார். இரண்டுமே மேஜையடியில் தேய்ந்த காலத்துக்குக் கிடைத்த கூலி. ஆனால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரின் நிலைமை ஒன்றல்ல.

ருஷ்யச் சிலுவைக்கு நான்கு வகுப்புகள். 35 ஆண்டு பழுதில்லாமல் உத்தியோகம் பார்த்தவருக்குக் கடைசி வகுப்பு கிடைக்கும். அந்தச் சிலுவையின் மீதே ‘35 ஆண்டுகள்’ என்று பொறித்திருக்கும். அந்தக் கடைசி வகுப்பும்கூட 1900 வரை ஒருவரைப் பரம்பரைப் பிரபுவாக்க வல்லது. அதாவது பேரப்பிள்ளைகளின் பிறப்பையே மாற்றி எழுதிவிடும். மகா பீட்டர் 1722-இல் வகுத்த 14 பதவிப் படிகளும் இதே ஆசையை வளர்த்தவைதான். சிம்பீர்ஸ்க் மாகாணப் பள்ளிகளின் இயக்குநர் இல்யா உல்யானவ் 1882-இல் மூன்றாம் வகுப்பு விளாடிமிர் பெற்றார். அவருடைய மகன்தான் லெனின். சட்டப்படி பிரபு வீட்டுப் பிள்ளை.

பிரிட்டிஷ் நட்சத்திரம் அப்படி எதையும் மாற்றவில்லை. பொதுவாக 25 ஆண்டுச் சேவை, உடம்புக்கு ஆகாத சீமைகளில் 16. பணி ஓய்வை ஒட்டி வெள்ளி நட்சத்திரமும், பெயருக்குப் பின்னால் ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றெழுத்தும் வரும். ஒரே வகுப்பு, மேலே ஏறப் படி கிடையாது. பெரிய துரைமாருக்கு ‘பாத்’ போன்ற ஆர்டர்கள் தனியே இருந்தன, கடைநிலை ஊழியருக்கு ஒரு பதக்கம் தனியே இருந்தது. குமாஸ்தாவுக்கு மரியாதை செய்து, அவரை இருந்த இடத்திலேயே உட்காரவைத்த ஏற்பாடு இது. அதே சர்க்கார்தான் சென்னை மாகாணத்தில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அழகாகப் படி கட்டி வைத்தது. ராஜவிசுவாசம் வேண்டிய ஊரில் அவர்களுக்கும் ஏணி வைக்கத் தெரிந்தது!

ஏணி இருந்தால் பைத்தியமும் பிடிக்கும். கோகல் 1830-களில் ‘மூன்றாம் வகுப்பு விளாடிமிர்’ என்றொரு நாடகம் தொடங்கினார். விருதுக்கு ஏங்கும் அதிகாரி கடைசியில் புத்தி பேதலித்து, தானே அந்த விருது என்று நம்பிவிடுவதாகத் திட்டம். தணிக்கைக்குப் பயந்து முடிக்காமல் விட்டார். செகாவின் ‘கழுத்தில் அன்னா’ கதையில் வரும் மோதெஸ்த் அலெக்சேயிச்சின் இளம் மனைவி பெயர் அன்னா. மேலதிகாரியின் பார்வை அவள்மீது விழுகிறது. புனித அன்னா விருது கணவனின் கழுத்துக்கு வருகிறது. அடுத்து ஒரு ‘குட்டி விளாடிமிர்’ பிறக்க வேண்டியதுதான் பாக்கி என்று மேலதிகாரியிடமே இளிக்கிறார் மனிதர்.

என்னைக் கேட்டால், சலுகை தந்த விதத்தில் ருஷ்ய விருதே தாராளம். ஆனால் ஊழியரை ஊழியராகவே ஓய்வுபெற விட்டது பிரிட்டிஷ் விருதுதான். பிரிட்டனில் 1993-இல் அதை வழங்குவதை நிறுத்தினார்கள். ருஷ்யாவில் பிரபுத்துவத்தையும் சிவில் பதவிப் படிகளையும் ஒழித்த 1917 நவம்பர் ஆணையில், இல்யா உல்யானவின் மகன் கையெழுத்திட்டிருக்கிறார்.